ஈ என்னும் இடம்

நரின் நகரில் மைனஸ் இருபத்தேழு.
நிலநடுக்க நிலையத்தின் இரவுப் பணியில்
சைராகான் மேசைக்கடியில் தவழ்கிறாள்,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.

சுவரோரம் அந்தப் பழைய கணினி.
மாற்ற வழியில்லை.
தரைக்குக் கீழே பாறையில் இறக்கிய கருவி
எக்ஸ்பியைத் தவிர வேறெதனோடும் பேசாது.
எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மலை
தோளைக் குலுக்கினாலும் இதற்குக் கேட்கும்.
ஒரு முழ தூரத்தில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்
டிக், டிக், டிக் என்று
கதவைத் தட்டுவது மட்டும் கேட்கவில்லை.

விடிவதற்குள் செப்டம்பர் மாதம் முழுவதும்
பிஷ்கெக் போகும் ஜீப்பில் ஏறியாக வேண்டும்.
சி டிரைவில் மிச்சம் நாற்பது எம்பி.
ஒரு நாள் நடுக்கத்துக்குக்கூடப் போதாது.

தொலைபேசியில் ஜிபெக், கொட்டாவியோடு:
"முன்பக்கத் துளைகளை நம்பாதே,
அவை முகத்துக்குப் பூசிய பவுடர்.
பின்னால் போ."

பின்னால் போனாள்.
தூசி, ஒரு செத்த அந்துப்பூச்சி,
யாரோ என்றோ தொலைத்த சட்டைப் பித்தான்.
செருகினாள். நீல விளக்கு எரிந்தது.
நிமிர்ந்தாள். அணைந்தது.
நிமிர்ந்த வேகத்தில் தலை மேசையில் மோதி
தேநீர்க் கோப்பை கீழே விழுந்தது.
கிர்கிஸ் மொழியில் ஒன்று, ரஷ்ய மொழியில் இரண்டு
வசவுகள்.

ஹீட்டரை அணைத்துப் பார்த்தாள்,
மின்சாரத்தை அதுதான் தின்கிறதோ என்று.
விரல்கள் விறைத்ததுதான் மிச்சம்.

"டிக்கென்று சத்தம் வருகிறதா?
சாகவில்லை, பசி" என்றாள் ஜிபெக்.
"தட்டைச் சுழற்றத் தெம்பில்லாமல்
எழுந்து எழுந்து உட்காருகிறது.
இரட்டைத் தலைக் கேபிள் இருக்கிறதா?"

ஓட்டுநர் துர்துபெக்கின் ஜீப்பில் இருந்தது,
சூரியகாந்தி விதைத் தோல்களுக்கு அடியில்.
இரண்டு மடியில் பால் குடிக்கும் ஒற்றைக் கன்றாய்
இரண்டு துளைகளில் வாய் வைத்ததும்
டிக் நின்றது.
உள்ளே ஏதோ ஒன்று சீராக மூச்சுவிடத் தொடங்கியது.
மூலையில் ஒரு சின்னக் குமிழி:
புதிய வன்பொருள் தயார்.

திறந்தாள்.
ஒன்றுமில்லை.
விருந்தாளி வந்துவிட்டார் என்று மணி அடித்தாயிற்று,
கூடத்தில் ஆளைக் காணோம்.
எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று,
திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோய்த் திரும்பி வந்தாள்.

"டிஸ்க் மேலாண்மைக்குள் போ. என்ன எழுத்து?"
"ஈ."
"அதில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள்?"

சிவப்புப் பெருக்கல் குறியோடு
ஓஷ் நிலையத்தின் சர்வர்.
இரண்டு வசந்தங்களுக்கு முன் நிதியில்லாமல் அணைத்தது.
வெள்ளிதோறும் அங்கிருந்து அக்தியாப்ர்
கோப்புகளோடு தன் பாதாமி மரத்தையும்
படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்,
நிலநடுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல்.

பஸ்ஸில் தொப்பியைப் போட்டு இடம் பிடித்துவிட்டு
இறங்கிப் போனவர்.
வண்டி எவ்வளவோ தூரம் வந்துவிட்டது.
இருக்கையில் தொப்பி.
புதிதாய் ஏறியவன் அதே எண் சீட்டோடு
நின்றுகொண்டே வந்திருக்கிறான்.

"ஓஷைத் துண்டித்துவிடு" என்றாள் ஜிபெக்.
அம்புக்குறி அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு விலகி,
புதியவனுக்கு இசட் என்று
கடைசி வரிசையில் இடம் போட்டுக் கொடுத்தது.
"துண்டித்துவிட்டாயா?"
"வேலை நடக்கிறது" என்றாள்.
அதுவும் உண்மைதான்.

நகலெடுக்க ஆறு மணி நேரம் என்றது,
நாற்பது நிமிடம் என்றது,
ஒன்பது மணி நேரம் என்றது.
துர்துபெக் நாற்காலியிலேயே உறங்கிப்போனான்.

ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
இன்றைய வரைபடத்தைப் பார்த்தவள்
பேனாவை எடுத்தாள்.
பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஒரு சின்ன முள்.
பதிவேட்டில் எழுதினாள்:
உள்ளூர் அதிர்வு. ஆழம் இல்லை.
சேதம்: ஒரு கோப்பை.
காரணம்: என் தலை.