தடைக்காலக் கணக்கு

தடை தொடங்கிய மூன்றாம் நாள்
கரையேற்றிய விசைப்படகுக்குப் பெயிண்ட் அடிக்கப் போன ரீகன்
வலைக்குவியலில் கையை விட்டுக்
கீறல் வாங்கி வந்தான்.
முக்கலர்ப் பூனை ஒன்று,
கண் திறக்காத நாலு குட்டிகள்.
"அறுபத்தொரு நாள்ல போட்டு கடலுக்குப் போகணும்,
அதுக்குள்ள காலி பண்ணச் சொல்லுங்கக்கா"
என்றான்,
குடியிருப்பவர்களைச் சொல்வதுபோல.

நான் தங்கச்சிமடத்து டீசல் பங்க்கில் பில் எழுதுகிறவள்.
தடைக்காலத்தில் பில் இல்லை,
புத்தகம் இருக்கிறது.
பின்பக்கங்களில் கோடு போட்டேன்:
தேதி, எடை, வயிறு சரியா.

நண்டுக் கம்பெனித் தராசு கிராம் வரைக்கும் சொல்லும்.
நூற்றுப்பத்து, நூற்றைந்து, நூற்றிருபது.
கடைசிக் குட்டி எழுபத்தெட்டு.
அதை மற்ற மூன்றும் மடியிலிருந்து தள்ளிவிட்டன.
இரண்டு மணிக்கொரு தரம் சிரிஞ்சில் பால்மாவு.
பசும்பால் ஊற்று என்றது பாதி ஊர்.
கழிந்து செத்துப்போகும் என்றால்
எங்க வீட்டுப் பூனை சாகலையே என்றது மீதி ஊர்.

பெயர் வைப்பதில்லை என்றுதான் இருந்தேன்.
பட்டறைப் பையன்கள் முந்திக்கொண்டார்கள்:
சுக்கான், விஞ்சு, நங்கூரம்.
எழுபத்தெட்டுக்கு, போயா.
முங்காதாம்.

பால் மறந்த பிறகு தாயை மீன்கூடையில் மூடி
ராமநாதபுரம் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் கூடைக்கு லக்கேஜ் போட்டார்.
கருத்தடை முடிந்து
இடதுகாது நுனியில்லாமல் திரும்பியவள்
மூன்று நாள் எனக்கு முதுகையே காட்டினாள்.

கடைசி வாரம் கேட்டு வந்தார்கள்.
கருவாட்டுக் கிட்டங்கிக்காரர்
எலி தொல்லை என்றார்.
எலிமருந்தும் வைப்பீங்களா?
வைப்போமே.
டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.
ராமேஸ்வரம் லாட்ஜுக்காரருக்கு வெள்ளைதான் வேண்டும்,
வரவேற்பறையில் உட்கார வைக்க.
அவருக்கு டீயும் இல்லை.
உச்சிப்புளி டீச்சர் செல்வநாச்சி மட்டும்
நான் கேட்பதற்குள்ளேயே
"கிணத்துக்கு வலை போட்டுட்டேன்" என்றாள்.
சுக்கானும் விஞ்சும் சோடியாகவே போயின.
நங்கூரம் மண்டபத்துக்கு.
போயா பாம்பனுக்குப் போய்
நாலாம் நாள் திரும்பி வந்தது.
அந்த வீட்டு மருமகளுக்கு மூச்சிரைப்பு,
மன்னிச்சிருங்க என்று ஆட்டோவில் வந்து கொடுத்தார்கள்.
நான் ஏசவில்லை.
பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போகிறவர்களையும்
எனக்குத் தெரியும்.

தடை முடிந்த அன்று
பங்க் வாசலிலிருந்து ரோடு வரை கேன்கள்.
எல்லார் கையிலும் டீசல் புத்தகம்.
வரிசையில் நின்ற அருள் ஜெனிட்டா கையில்
மூடி போட்ட கூடை.
அவர்கள் படகு
மாசி மாதம் நெடுந்தீவுப் பக்கம் பிடிபட்டது.
புருஷன் யாழ்ப்பாணம் ஜெயிலில்.
"ஒரு குட்டி மிச்சம் இருக்காமே?"

எல்லாரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டேன்.
வீட்டில் எத்தனை பேர்?
"நாலு."
கொஞ்சம் நின்று,
"மூணு."
பின்னால் எவனோ கேனைத் தட்டினான்.
"நாலுன்னே எழுதுங்க."
எழுதினேன்.

வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்?
"எங்க போகப்போறோம்.
திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்கப் போவேன்,
பொழுது சாயத் திரும்பிருவேன்.
அவியிற காரல்ல நாலு எடுத்து வச்சிட்டுத்தான் போவேன்."
முள்ளை எடுத்திட்டு என்றேன்.
"பின்ன, புள்ளைக்கு முள்ளோடவா குடுப்பாக?"
ஒத்து வராவிட்டால்
எந்த நேரமானாலும் என்னிடமே கொண்டுவர வேண்டும்
என்பதையும் சொன்னேன்.
அவள் கையெழுத்துப் போட்டாள்,
புருஷன் வழக்கமாகப் போடுகிற இடத்தில்.

ராத்திரி படகுகள் போன சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.
காது நுனியற்றவள்
என் பில் மேசைக்கடியில் படுத்திருந்தாள்.

பத்து நாள் கழித்துத் தராசைத் தூக்கிக்கொண்டு போனேன்.
என்னைக் கண்டதும் போயா
பீரோவுக்கடியில் பாய்ந்துவிட்டது.
இரண்டு மணிக்கொரு தரம் எழுந்தவள் நான்,
என் கையை மோந்துகூடப் பார்க்கவில்லை.
அவளுடைய மகன் தரையில் குப்புறப் படுத்துக்
கூப்பிட்டான்.
அவனுக்கு வாலைக் காட்டியது, எனக்கு அதுவும் இல்லை.

அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
கடுங்காப்பி கொடுத்தாள்.
வயிறு சரி என்று எழுதியிருக்கிறேன்,
அவள் சொல்லி.
எடைக்கான கட்டம் காலியாக இருக்கிறது.