நூறு கோடியில் நாலு

கிளிநொச்சிக் கச்சேரி மண்டபம், மூன்றாம் வரிசை.
மடியில் ஒரு கொத்துக் கச்சான்,
விசுவமடுவில் விளைந்தது, விடிய வறுத்தது,
கடதாசிப் பையில் இன்னும் சூடு.

கொழும்பிலிருந்து வந்தவர் சுவரில் படம் காட்டுகிறார்.
உடன்படிக்கை எழுபது பக்கம்.
தமிழில் எங்களுக்குத் தந்தது ஒன்றரை.
அதில் கச்சான் என்ற சொல்லே இல்லை.
"ஏனைய எண்ணெய் வித்துகள், பட்டியல் இரண்டு."
நேரமெடுத்துத்தான் விளங்கியது,
அந்த 'ஏனைய'வுக்குள்
நாங்கள் குந்தியிருக்கிறோம் என்று.

தீர்வை படிப்படியாக இறங்குமாம்,
ஐந்தாம் வருடம் ஒன்றும் இராதாம்.

பக்கத்தில் யோகமதி கொட்டாவி விடுகிறாள்.
என் காணியில் வெடி எடுத்தவள் இவள்.
முகத்துக்குக் கண்ணாடி மூடி போட்டு, முழங்காலில் இருந்து,
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம்.
இரண்டு ஏக்கருக்குப் பதினொரு மாதம்.
சிவப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்று
என் மண்ணை நான் எட்டிப் பார்த்தேன்.
"ஒரு ஆணி கிடந்தாலும் விட ஏலாது அக்கா."
ஆணி, கரண்டி, மீன்பேணி மூடி,
யாரோ ஒரு பிள்ளையின் சிலேட்டுச் சட்டம்,
பிறகு அந்த இரண்டு வெடி.
எல்லாம் எண்ணி எழுதினாள்.
அதற்குப் பிறகுதான் விதை.

அன்றிலிருந்து
விதிமுறை என்றால் எனக்கு எரிச்சல் வருவதில்லை,
யாராவது முழங்காலில் இருந்து பார்த்ததாக இருந்தால்.

போன வருடம் பதினேழு பேர் சேர்ந்து
வெளிநாட்டுக்கு அனுப்பப் பருப்புத் தெரிந்தோம்.
வாங்குபவனின் கடிதம்:
பூஞ்சண நஞ்சு நூறு கோடியில் நாலு பங்கு, அதற்குமேல் கூடாது.
மழை இருட்டினால்
பிள்ளையைத் தூக்குமுன் படங்கைத் தூக்கினோம்.
கறுத்தது, சுருங்கினது, வண்டு தொட்டது
நகத்தால் நகத்தால் கழித்தோம்.
ஐந்து வந்தது.
மூட்டைகள் திரும்பி வந்தன.
இரண்டு நாள் அவனை ஏசினேன்.
மூன்றாம் நாள்,
தன் சனத்தின் வாய்க்குத்தானே பார்க்கிறான், பார்க்கட்டும் என்றேன்.
அடுத்த முறைக்கு ஈரப்பதம் பார்க்கும் கருவி
கடனில் வாங்கினோம்.

முறிகண்டியில் பஸ் நிற்கும்.
தேங்காய் உடைத்த ஈரக்கையோடு சனம் கச்சான் வாங்கும்.
புவனலோஜினியின் பெட்டிக்குள் கை விட்டேன்.
வெளிறின தோல்,
கனகாலம் பூட்டிக் கிடந்த அறையின் மணம்.
"எங்கத்தையது?"
"கப்பல்ல வந்தது. கிலோவுக்கு நூற்றெண்பது குறைவு.
உன்னட்ட வாங்கினா, அக்கா, நான் ஆரிட்ட விக்கிறது?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
பலகையில் மட்டும் அதே எழுத்து:
வன்னிக் கச்சான்.

கேள்வி நேரம். எழும்பினேன்.
"அந்த மூட்டைய இஞ்ச ஆர் திறந்து பாக்கிறது?"

சிரித்த முகமாகச் சொன்னார்:
"அனுப்பும் நாடு சான்றிதழ் தரும்.
நாம் அதை ஏற்றுக்கொள்வோம்.
பரஸ்பர அங்கீகாரம்."

அப்போதுதான் யோகமதி நிமிர்ந்தாள்.
"சேர், நான் வெட்டின நிலத்த
நானே சரியெண்டு எழுத ஏலாது.
வேற ஆள் வந்து திரும்பப் பாக்கோணும்.
பாத்துத்தான் இவவ உள்ளுக்கு விட்டது.
விட்டபடியால்தான் ரெண்டு காலோட வந்து நிக்கிறா."

மொழிபெயர்ப்பவர்
மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.
எந்த மூன்று என்று தெரியவில்லை.
பெரியவர் ஏதோ குறித்துக்கொண்டார்,
எங்கள் பேச்சோ, தேத்தண்ணிக் கணக்கோ.

பை வரிசையாகக் கைமாறி மேடை வரைக்கும் போனது.
அவரும் நாலைந்து உடைத்தார்.
"நல்லா இருக்கே, எங்கே வாங்கலாம்?"

யன்னலுக்கு வெளியே இரணைமடுப் பக்கம் கறுத்து வருகிறது.
நன்றியுரை இன்னும் இருக்கிறதாம்.
முற்றத்துப் படங்கில் எட்டு மூட்டைக் கச்சான் பரவிக் கிடக்கிறது,
நூறு கோடியில் நாலுக்குள் நிற்கவேண்டியது.
செருப்பைத் தேடுகிறேன்.