கண்டக்டர் என்று ஒரு தட்டு

ஏற்காட்டிலிருந்து இறங்கிய கடைசி டிரிப்.
பஸ்ஸைக் கூட்டும்போது பின்சீட்டுக்கு அடியில்
ஒரு துணிப்பை, உள்ளே மூன்று தட்டுகள்:
சோறு நிற்காத தட்டை, விளிம்பு கூர்.
ஆரஞ்சு, பச்சை, கத்தரிப்பூ நிறம்.
திருப்பினால் மார்க்கர் பேனாவில்
பிளசில்லா, கீழே பத்து எண்கள்.

அழைத்தேன்.
"டிப்போவுல குடுத்துடாதீங்கண்ணா,
ஞாயித்துக்கிழம நாகலூருக்கு எடுத்துட்டு வாங்க,
எறிஞ்சும் பாக்கலாம்."
அன்று எனக்கு ஓய்வு.
இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி.
பழம் பறித்து முடிந்த காபிச் சரிவில்
ஒன்பது இரும்புக் கூடைகள்,
கொண்டலாம்பட்டிப் பட்டறையில் வெல்டு வைத்தவை,
தலையிலிருந்து சங்கிலி தொங்க நின்றன.
ஏழு பேர். அதுதான் சங்கம்.
சந்தா மாதம் நூறு, புல் வெட்டும் கூலிக்கு.
என் வயதை யாரும் கேட்கவில்லை.

"இது பட்டர், கிட்டத்துக்கு. இது டிரைவர், தூரத்துக்கு."
அப்ப கண்டக்டர் எது என்றேன்.
பிளசில்லா சிரித்த சிரிப்பில்
ஷாநவாஸ் எறிந்தது மரத்தில் மோதியது.

முதல் எறிக்குப் பழக்கத்தில்
ரைட் என்று குரல் கொடுத்துவிட்டேன்.
தட்டு இடப்பக்கம் போனது.
வலக்கைக்காரன் எறிந்தால் அப்படித்தானாம்,
வேகம் குறையும்போது இடம் சாயும்.
இருபது கொண்டை ஊசி வளைவையும்
பதினாறு வருஷம் நின்றபடியே ஏறியவன்,
எந்த வளைவில் எந்தக் காலில் எடை என்று
உடம்புக்குத் தெரியும்.
கைக்குத்தான் தெரியவில்லை.
மூன்றாம் ஞாயிறு ஒன்று கூடையில் விழுந்தது.
சில்லறைப் பையைக் குலுக்கிய சத்தம்.
யாரோ பாக்கி கேட்கிறார்களென்று திரும்பினேன்.

ஆறாம் ஞாயிறு போட்டி.
கட்டணம் முன்னூறு, தக்காளி சாதம் உட்பட.
கோவை, ஓசூர், திருச்சி என்று முப்பத்துநாலு பேர்,
முதுகில் பள்ளிப்பிள்ளைகள் போலப் பை.
நான் கொண்டுபோனது பழைய தோல்பை,
இரண்டு தட்டு அடங்கும்,
மூன்றாவது தலையை நீட்டும்.

நால்வர் ஒரு குழு. நடுவர் எங்கே என்று
இரண்டு முறை கேட்டேன்.
நாமேதான் என்றார்கள்.
நடுவழியில் கை காட்டி ஏறி
வசூலை எண்ணச் சொல்லும் செக்கிங்கோடு
பாதி ஆயுள் குடும்பம் நடத்தியவனுக்கு
வயிற்றைக் கலக்கியது.

ஏழாம் கூடையில் மூடுபனி.
என் தட்டு வெள்ளைக் கயிற்றுக்கு அந்தப்புறம்,
ஒரு டிக்கெட் அகலம், அவ்வளவே.
மற்ற மூவரும் பனிக்குள் வெறும் குரல்கள்.
செருப்பு நுனி கொஞ்சம் அசைந்தது, பொய் சொல்வானேன்.
"வெளியே!" என்று கத்தினேன்,
படிக்கட்டில் தொங்குபவனை
உள்ளே விரட்டுகிற அதே தொண்டை.
ஒன்று கூடுதல்.
ஷாநவாஸ் எழுதிக்கொண்டான்,
எப்படி, எவ்வளவு தூரம் என்று கேட்காமல்.
அவன் கேட்டிருக்கலாம் என்று எனக்கிருந்தது.

முடிவில் அட்டைகளைக் கூட்டினோம்.
கூட்டல் மட்டும்தான் என் ஆட்டம்.
ஷாநவாஸ் அறுபத்தாறு என்று போட்டிருந்தான்.
அறுபத்தேழு என்றேன், கண்ணை மூடிக்கொண்டே.
முகம் தொங்கியது. பிறகுதான் சொன்னான்,
தப்புக் கணக்கைக் கொடுத்தால் இரண்டு அபராதமாம்.
தக்காளி சாதத்தில் அவன் முட்டை எனக்கு வந்தது.

நான் எழுபத்தொன்று. முப்பத்திரண்டாம் இடம்.
எனக்குப் பின்னால் இருவர்,
ஒருவன் பாதியில் கால் பிசகிப் போனவன்.

இரண்டாம் சுற்றில் ஆரஞ்சுத் தட்டு போயிற்று,
பிளசில்லா எனக்கே விற்றது, இருநூற்றைம்பதுக்கு.
மூன்று நிமிஷம் தேட அனுமதி.
காபிச் செடிக்குள் அது எங்கோ
தன் பாட்டுக்கு மல்லாந்து கிடக்கிறது.
அவள் பெயரை அடித்துவிட்டு
அடியில் என் எண்ணை எழுதியிருந்தேன்.

திங்கள் முதல் டிரிப்.
அடிவாரத்தில் ஏறியவர்களுக்கு
டிக்கெட் கிழிக்கிறேன்.
சட்டைப்பையில் போன் அடிக்கிறது.
டிப்போவிலிருந்து.
அடுத்த வளைவிலும் அடிக்கிறது.

டிப்போதான்.