கயிறு பிடிப்பவன்

முதல் வருடம் நாம் பேசிக்கொள்ளவில்லை, ப்ரெய்ஷோ.
ரொட்டிக் கடைக்குள் நான் நுழைந்தால்
வாங்க வந்ததை மறந்து நீ வெளியேறுவாய்.
ஊர் உனக்கு ஒரு பெயர் வைத்திருந்தது.
உனக்கே தெரியும்.

எலாதியோ இடுப்பில் கட்டிய கயிற்றின்
மறுமுனை உன் கையில் இருந்தது.
அவ்வளவுதான் செய்தி.
மற்றதெல்லாம் அலை.

கலீசியாவின் இந்தக் கரைக்கு
மரணக் கரை என்று முன்பே பெயர்.
எவனோ வரைபடத்தில் எழுதிவைத்துவிட்டான்.
என் வீட்டுக்காரன் போனபோது
புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை.

இரண்டாம் நவம்பரில் கல்லறைக்கு
மஞ்சள் சாமந்தி கொண்டுபோனேன்.
அங்கே வெள்ளைச் சாமந்தி இருந்தது,
முட்டி போட்டு நீ இருந்தாய்,
பால் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு.
உன் உள்ளங்கைகளை அன்றுதான் பார்த்தேன்.
இரண்டிலும் குறுக்கே
கயிறு ஓடிய தடம்,
வெந்து ஆறிய தோல்,
மீன் வயிறாய் வெளுத்து.

விட்டவன் கை இப்படி இராது.

உன்னிடம் அதைச் சொல்லவில்லை.
"கேனை இங்கே கொடு" என்றேன்.

பிறகு சண்டை.
அவன் காப்பிக்கு எத்தனை சர்க்கரை என்பதில் ஆரம்பம்.
மருத்துவர் கண்டித்த நாள் முதல்
ஒன்றுகூடக் கிடையாது என்றேன் நான்.
மதுக்கடையில், உன்னோடு, மூன்று என்றாய் நீ.
இறந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தோம்.
நீ சிரித்துவிட்டாய்; சிரித்த வாயைக் கையால் பொத்தினாய்.
நான் பொத்தவில்லை.

புருவத் தழும்பு?
தேவாலய மணிக்கூண்டிலிருந்து விழுந்தது என்று
பத்தொன்பது வருடம் நம்பிப் படுத்தவள் நான்.
நீ மேசையைப் பார்த்தபடி சொன்னாய்:
"கல் நான் எறிந்தது. ஒன்பது வயசில்."

உன்னைக் காட்டிக்கொடுக்காமலிருக்க
பெண்டாட்டியிடமே பொய் சொன்னவனை
அன்று மறுபடி காதலித்தேன்.
அந்தக் காதல் கொஞ்சம் சிந்தி
பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்மேலும் பட்டது.
துடைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

டிசம்பர்.
கிறிஸ்துமஸுக்கு முன் கொட்டலசு விலை ஏறும் வாரம்.
பாறையில் இறங்கும் உரிமம் என் பெயரில் வந்து எட்டு மாதம்.
அவனுடைய ரப்பர் உடையின் கால்களை
நான்கு விரற்கடை வெட்டித் தைத்தேன்,
சுரண்டும் இரும்பை எடுத்துக்கொண்டேன்,
உன் கதவைத் தட்டினேன்.

"கயிறு பிடி."
"மாட்டேன்."
"ஊரில் மற்ற எல்லார் கையும்
வழவழவென்று இருக்கிறதே, ப்ரெய்ஷோ."

நீ அழுதாய்.
நான் உன் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதற்கு ஒரு காது மடங்கியிருந்தது.

என் இடுப்பைத் தொடாமல் முடிச்சுப் போட
நீ பட்ட பாடு!
மூன்று தரம் அவிழ்த்தாய்.
"தொட்டே கட்டு,
கடல் ஒன்றும் கூச்சப்படப் போவதில்லை" என்றேன்.
கட்டினாய்.
உன் விரல்களின் நடுக்கம்
நான் இறங்க இறங்கக் கயிற்றில் கூடவே வந்தது.

இரண்டு அலைகளுக்கு நடுவே வேலை.
எண்ணிக்கொண்டேதான் சுரண்டினேன்,
சத்தியமாக எண்ணினேன்.
ஒன்று முந்திக்கொண்டது.
அதன் சத்தம் கேட்குமுன்
கயிறு விலாவில் இறுகியது.
மூச்சு முட்டியது. "தளர்த்து, தளர்த்து" என்று கத்தினேன்.
தளர்த்தவில்லை நீ.
விலா இன்னும் வலிக்கிறது; வலிக்கட்டும்.

மேலே ஏறியதும் திட்டினாய்,
கூடையில் அரைக் கிலோகூட இல்லை என்று.

இரவு, என் அடுப்பில், உப்புத் தண்ணீரும் ஒரு பிரிஞ்சி இலையும்.
கொட்டலசு வேக
ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் போதும் என்பார்கள்.
எனக்குச் செபம் விட்டுப்போய் இரண்டு வருடம்.
"நீ சொல்" என்றேன்.
கரண்டியைப் பிடித்தபடி தொடங்கினாய்.
"பொறுத்தருளும்" என்ற இடத்தில்
நின்றுபோனாய்.

தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது.
நானும் அடுப்பை அணைக்கவில்லை;
என் கை உன் உள்ளங்கைக்குள் இருந்தது,
அந்தத் தடத்தின் மேல்.

வெந்து ரப்பராகியிருந்தது.
சனியனே என்று மென்றோம்,
மிச்சம் வைக்காமல்.