பதினோராம் சென்டிமீட்டர்

சட்பரியில் பிப்ரவரி.
ஏரிக்கு ஊரார் வைத்த பெயர் ஒன்று உண்டு,
எங்கள் குறிப்பேட்டில் அது எழுபத்திரண்டு.
துளைபோடும் எந்திரம் இருமுறை நின்றது.
லெஹ்டோ ஃபின்னிஷ் மொழியில் திட்டினார்.
அதற்கு மட்டும் அது பணிந்தது.

குழாயை இறக்கினோம்.
இருபது மீட்டர் நீருக்கு அடியில்
மெத்தென்று ஒரு தொடல், கயிறு வழியே கைக்கு வந்தது,
தூங்கும் மாட்டின் விலாவைத் தொட்டாற்போல.
அரை மீட்டர் சேறு மேலே வந்தது,
கலங்காமல்.
எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டோம்.
அழுகை ஒன்றும் இல்லை, மைனஸ் இருபத்தாறு.

நிக்கல் காய்ச்சிய காலம்
இருபத்திரண்டாம் சென்டிமீட்டரில் கறுப்பாகத் தொடங்குகிறது.
அன்று மழையே புளித்தது.
பாறை கறுத்தது, மீன் போயிற்று,
மீனை நம்பிய பறவை போயிற்று,
கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பாசிகளில்
புளிப்பு தாங்காதவை போயின.
ஆறாம் சென்டிமீட்டரில்தான் அவை திரும்ப வேண்டும்.
படித்த கட்டுரை எல்லாம் அப்படித்தான் சொன்னது.

தகட்டுக்கு நானூறு ஓடு எண்ண வேண்டும்.
நானூறு என் மொழிக்குப் பழகிய கணக்குதான்.
ஆனால் அன்று எண்ணித் தொகுத்தவர்கள்
எதை விட்டோம் என்று எழுதிவைக்கவில்லை.
நாங்கள் எழுத வேண்டும்.

பதினோராம் சென்டிமீட்டர்.
இருநூற்றுப் பன்னிரண்டாவது சொடுக்கில்
விரல் நின்றது.
ஓடம் போல் உடல், நடுவில் மயிரிழைக் கோடு:
அமிலத்துக்கு அஞ்சும் இனம்,
அமிலத்தின் உச்சத்தில்.
நானூறு முடிவதற்குள் ஒன்பது.

இரவு ஒன்பதரை. நானும் குளிர்ப்பெட்டியும்.
எங்கோ ஓர் ஊற்று, அடியில் கொஞ்சம் சுண்ணாம்புக்கல்,
ஊரே புளித்தபோதும் புளிக்காத ஒரு மூலை
இவற்றை ஒளித்து வைத்திருந்திருக்கிறது!
மாநாட்டுக்குத் தலைப்புகூட எழுதிவிட்டேன் மனதில்,
நடுவில் ஒரு முக்காற்புள்ளியோடு.

பிறகுதான் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
சேற்றை வில்லை வில்லையாக அறுத்த நாள்.
ஒவ்வொரு வில்லைக்கும் எதிரே ஒரு கட்டம்:
கத்தி கழுவியாயிற்றா?
ஒன்பது, ஆயிற்று.
பத்து, ஆயிற்று.
பதினொன்று
வெறும் கட்டம்.
பன்னிரண்டு, ஆயிற்று.

பக்கத்து மேசையில் மரி-ஜோசே
இன்னொரு குழாயின் மேற்சேற்றை அறுத்துக்கொண்டிருந்தாள்.
தீ ஒத்திகை மணி அடித்தது.
எல்லோரும் பனியில் போய் நின்றோம்.
திரும்பி வந்து நான் எடுத்தது
யார் கத்தி?

என் கையெழுத்து. மேசையில் அதே நீலப் பேனா.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுக்க
அரை நொடி.
ஏரி வந்து சாட்சி சொல்லாது.
பேனாவை மூடினேன், திறந்தேன்,
மூடினேன்.

காலையில் பேராசிரியர் ஆக்டன் சொன்னார்,
"அடிக்குறிப்பாகப் போட்டுக்கொள்ளலாமே."
கெட்ட மனிதர் அல்லர். மானியம் மார்ச்சில் முடிகிறது.

பதினொன்றை எடுத்துவிட்டேன்.
வரைபடத்தில் கோடு அந்த இடத்தில் அறுந்து
பல் விழுந்த வாய்போல் சிரிக்கிறது.
ஏன் இந்த இடைவெளி என்று ஒரு மதிப்பாய்வாளர் கேட்டார்.
ஒன்றரை வரியில் சொன்னேன்.
மற்றவர் அதைப் பார்க்கவே இல்லை,
என் காற்புள்ளிகளைத் திருத்தி அனுப்பினார்.

சில ராத்திரி அந்த மூலையை நினைக்கிறேன்.
இருந்தாலும் இருக்கலாம்.
கழுவாத கத்தியால் அது இல்லையென்று ஆகிவிடாது,
உண்டு என்றும் ஆகாது.
ஒன்பது ஓடுகளும் தகட்டில் பத்திரமாக இருக்கின்றன.
பெயர்ச்சீட்டில் பதினொன்று, பக்கத்தில் கேள்விக்குறி,
அதன் கீழே என் பெயர்.

பிளாஸ்டிக் கத்தி ஐம்பது வாங்கியாயிற்று,
வில்லைக்கு ஒன்று.
இன்று டிசம்பர் பத்தொன்பது.
லெஹ்டோவிடமிருந்து செய்தி:
"நாய் நடக்கும். எந்திரம் நடக்காது.
இன்னும் பிடிக்கவில்லை."