கடைசி இரண்டு இலக்கம்

எங்கள் குடியிருப்பில் இரவு விசிலடிப்பவர்
தர்பங்காக்காரர். மலையையே பார்த்ததில்லை.
ஆனாலும் ராமகிருஷ்ணபுரத்துத் தமிழ் வீடுகளில்
அவர் பெயர் கூர்க்கா.
முதல் தேதிக் கணக்கில் நானும் அப்படித்தான் எழுதுவேன்:
பால், பேப்பர், கூர்க்கா இருபது.

அசல் ஆட்கள் இருந்தது என் அலுவலகத்தில்.
தில்லி கன்டோன்மென்ட், ஓய்வூதியப் பிரிவு,
மூன்றாம் அலமாரி, காக்கி அட்டைக்குள்.
உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.
இடப்புருவத்தில் தழும்பு.
பிறந்த தேதிக்கு எதிரே
"பூகம்பத்துக்கு அடுத்த சோள அறுப்பு" என்று
எவனோ ஒரு எழுத்தன் உள்ளதை உள்ளபடி
எழுதித் தொலைத்திருந்தான்.

அவன் அப்பனின் கோப்பும் அதே கயிற்றில்.
அதில் ஒரு தாள், நாற்பத்தேழில் வந்தது.
மூன்று கட்டம்:
வெள்ளைக்காரன் படை, இந்தியப் படை, வீடு.
நடுக்கட்டத்தில் பெருவிரல் ரேகை.
மை கொஞ்சம் மூன்றாவதிலும் கசிந்திருக்கிறது.
ஒரு ரெஜிமென்டின் சரித்திரத்தில்
நான் தொட்டுப் பார்த்த பக்கம் அது ஒன்றுதான்.

தன்சுபா புன் வந்தது டிசம்பரில்,
ஆனந்த் விஹாரில் இறங்கி,
மூடுபனிக்குள் இரண்டு பஸ் மாறி.
புருஷனின் டிஸ்சார்ஜ் தாளில் கட்க பகதூர்.
ஓய்வூதியப் புத்தகத்தில் கர்க பகதூர்.
அந்த ஓரெழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றது
பதினான்கு மாதப் பணம்.
பொக்காராவில் தீரவில்லை, தில்லிக்குப் போ என்றார்களாம்.

"எது சரி? நீங்களே சொல்லுங்கள்."
கூரையைப் பார்த்தாள்.
சால்வை நுனியைக் கடித்தாள்.
அறுபது வயதில் ஒருத்தி அலுவலகத்தில் வெட்கப்பட்டதற்கு
பியூன் தேவிலால் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த இடம் தெரியும்.
ஆயிரம் படிவத்தில் கணவர் பெயரைத் தட்டச்சு செய்தவள்,
நிஜாமுதீன் பிளாட்பாரத்தில் அவர் தொலைந்தபோதும்
"ஏங்க, ஏங்க" என்றுதான் ஓடினேன்.
பத்துப் பேர் திரும்பினார்கள்.

பிறகு சொன்னாள்:
"அறுபத்தெட்டு."

கம்பெனியில் நான்கு கட்க பகதூர்,
அதில் மூவர் புன்.
சுபேதார் யாரையென்று கூப்பிடுவார்?
படை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் பெயர்.
சாப்பாட்டு வரிசையில் அறுபத்தெட்டு,
தண்டனை ஓட்டத்தில் அறுபத்தெட்டு.
பெயர் சொல்லக்கூடாத பெண்டாட்டிக்கு
கூப்பிட ஒன்றைப் பட்டாளமே கொடுத்திருக்கிறது.

டீ வந்தது.
நான் கேட்காததைச் சொன்னாள்.
தசைன் ஒன்பதாம் நாள்.
பட்டாளமே சுற்றி நிற்கும்.
கம்பத்தில் கட்டிய எருமைக் கடா, பெரிய குக்குரி.
ஒரே வீச்சில் தலை விழவேண்டும்.
விழுந்தால் வெட்டியவனுக்குக் கர்னல் கையால்
வெள்ளைத் தலைப்பாகை,
பட்டாளத்துக்கு நல்ல வருஷம்.
அறுபத்திரண்டில் குக்குரியைக் கொடுத்தது இவர் கையில்.
வெட்டு இரண்டானது.

பன்னிரண்டாம் நாள் மேலே ஏற்றினார்கள்.
பருத்திச் சட்டை. முழங்கால்வரை பனி.
இவர் திரும்பி வந்தார்.

"நடத்தை: மிக நன்று" என்கிறது கோப்பு.
இரண்டாம் வெட்டுக்கு அதில் கட்டம் இல்லை.

ஊரோடு வந்தபிறகும் தூக்கத்தில் எண் சொல்வாராம்.
பதினேழு. நாற்பது. நாற்பத்தொன்று. பூஜ்யம் மூன்று.
கடன் கணக்கு என்றே நினைத்திருந்தாள்
ரொம்ப வருஷம்.
மொத்தம் பதினோரு எண்.
எப்போதும் அதே வரிசை.
"எனக்கும் மனப்பாடம்" என்று
கிளாஸைக் கீழே வைத்துவிட்டு
விரல் மடித்து ஒவ்வொன்றாய்ச் சொன்னாள்.

எண்களில் பிழைப்பவள் நான், பதினெட்டு வருஷமாய்.
எண்களைக் கேட்டு எழுந்து நின்றது அன்றுதான்.
தேவிலாலுக்குப் புரியவில்லை.
நாற்காலி ஆடுகிறது போல என்று
வேறொன்றை இழுத்துப் போட்டான்.

"பெயர் வேறுபாடு எழுத்துப்பிழை. எண் ஒத்திருக்கிறது."
குறிப்பெழுதி மேலே அனுப்பினேன்.
பெருவிரல் வைத்தாள்.
மையைச் சுவரில் துடைக்கப் போனவளிடம்
கைக்குட்டையைக் கொடுத்தேன்.
திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிரவு விசில் கேட்டது, பிறகு தடியைத் தட்டும் சத்தம்.
முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்.
எழுந்துபோய் அவர் பெயரைக் கேட்டிருக்கலாம்.
நல்ல குளிர்.
ரஜாயை இழுத்துக்கொண்டேன்.