மூன்றாம் எச்சரிக்கை

புயல் எச்சரிக்கை மூன்று.
எபென் அலுவலகம் பூட்டியாகிவிட்டது.
ரோஸ் ஹில் வீட்டில், சன்னலுக்குப் பலகை அடித்த இருட்டில்
புதிய தளத்தின் அறிமுகம் பார்க்கிறேன்.
"இனி நிரல் எழுத வேண்டாம்,
விரும்பினால் போதும்" என்கிறார் கறுப்புச் சட்டைக்காரர்.
ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

போன வருடமும் இதே சட்டை.
அன்று உயிர் என்றதை
இன்று ஒரே வரியில் ஓய்வுக்கு அனுப்பினார்.
அதற்கு நான் கட்டிய பரீட்சைப் பணம்
இன்னும் தவணையில் போகிறது.

என் சோறு கரும்பாலையின் சம்பளக் கணக்கு.
நடுவில், எனக்கு முன்னிருந்த யாரோ
கிரியோலில் விட்ட குறிப்பு: பா தூஸ் சா.
தொடாதே.
ஒன்பது வருடமாகத் தொடவில்லை.

"எல்லாம் தானாக"
என்னும்போது மின்சாரம் போனது.

கைபேசியில் ஆலையின் வலைடோன்:
வெள்ளிக்கிழமை சம்பளம் விழுந்துவிடுமா?
விழும் என்றேன்.
மடிக்கணினியில் பதினான்கு சதவீதம் மிச்சம்.